அணியே அரண்

முன்னுரை

“வரிசையில் நில்லுங்கள்!” காலை மணி அடித்ததும் நம் செவிகளில் விழும் முதற் கட்டளை இதுவே. குட்டையானவர்கள் முன்னே, நெட்டையானவர்கள் பின்னே, முன்னால் நிற்பவளின் தோளைத் தொடும் அளவுக்குக் கையை நீட்டி இடைவெளி பார்த்து நிற்கிறோம். விளையாட்டு விழா நெருங்கிவிட்டாலோ கேட்கவே வேண்டாம். மாலை வெயிலில் கால் கடுக்க அணிநடை பழகுகிறோம். ‘எதற்காக இந்த வரிசை?’ என்று மனத்துக்குள் முணுமுணுக்காத மாணவி நம்முள் எவரும் இல்லை.

இவ்வாண்டு ஒரு நாள் இக்கேள்வியை எங்கள் வரலாற்று ஆசிரியையிடம் துணிந்து கேட்டுவிட்டோம். அவர் சினம் கொள்ளவில்லை. “வரிசை கலைந்தால் உயிர் போகும் என்ற இடத்தில் மனிதர்கள் எப்படி நின்றார்கள் என்று தேடிப் பாருங்கள், விடை கிடைக்கும்” என்றார். அன்று முதல் போர்க்களத்தின் அணிவகுப்புகளைப் பற்றி நூலகத்தில் தேடித் தேடிப் படித்தோம். படித்தவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறோம்.

போரைப் புகழ்வது எங்கள் நோக்கம் அன்று. சமாதானத்தின் இராக்கினியாகிய தேவதாயிடம் உலக அமைதிக்காகச் செபமாலை சொல்லும் பள்ளி நம் பள்ளி. ஆயினும், மரணம் எதிரே வந்து நிற்கும்போது மனிதன் தன் அருகில் யாரை நிறுத்திக்கொள்கிறான், எதற்காக நிறுத்திக்கொள்கிறான் என்பதை அறிவது நமக்கும் பயன் தரும் என்று எண்ணினோம்.

அணி என்பது யாது?

அணி என்ற சொல் தமிழருக்குப் புதியது அன்று. படையின் முன்பகுதியைத் ‘தூசி’ என்றும், பின்பகுதியைக் ‘கூழை’ என்றும் பழந்தமிழர் வழங்கினர். முன்னணி, பின்னணி என்னும் சொற்களும் போர்க்களத்திலிருந்து வந்தவையே. இன்று திரைப்படத்தில் பின்னணி பாடுபவர்கள் இதை அறிந்தால் வியப்படைவார்கள்!

பாரதக் கதையில் வரும் சக்கர வியூகத்தை அறியாதவர் இல்லை. நம்மைவிட ஓரிரு வயதே மூத்தவனாகிய அபிமன்யு, அதனுள் புகும் வழியை அறிந்திருந்தான். வெளிவரும் வழியை அறியவில்லை. ஆனால் அவன் அழிவுக்கு அது மட்டுமா காரணம்? அவனைத் தொடர்ந்து உள்ளே புக வேண்டியவர்களைச் சயத்திரதன் வாயிலிலேயே தடுத்துவிட்டான். பின்னால் வருவார்கள் என்று நம்பிச் சென்றவன் தனியனாக நின்றான். அபிமன்யுவின் கதை வீரத்தின் கதை மட்டும் அன்று. துணை வந்து சேராததன் கதையும் ஆகும்.

நாங்கள் படித்த அளவில், எந்த அணிவகுப்பும் மூன்று வினாக்களுக்கு விடையாகவே அமைகிறது. யார் எந்தத் திசையைப் பார்ப்பது? யாரை யார் காப்பது? தலைவனின் கட்டளை எல்லோரையும் எட்டுவது எப்படி? ஆயுதம் மாறும்போதெல்லாம் இம்மூன்று வினாக்களுக்கும் புதிய விடை தேட வேண்டியிருந்தது. தேடாதவர்கள் தோற்றார்கள்.

பாதிக் கேடயம்

பண்டைய கிரேக்க நாட்டின் நகர அரசுகளில் குடிமக்களே போர்வீரர்கள். ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கேடயத்தை இடக்கையில் மாட்டிக்கொண்டு, வலக்கையில் ஈட்டி ஏந்தி, தோளோடு தோள் உரச நிற்பார்கள். பெரும்பாலும் 8 வரிசை ஆழத்துக்கு அணி அமையும். இதற்குப் பாலங்க்ஸ் என்று பெயர்.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இடக்கையில் உள்ள கேடயம் அதை ஏந்தியவனின் உடலை முழுவதும் மறைக்காது. அதன் ஒரு பகுதி இடப்புறமாக நீண்டு, இடப்பக்கத்தில் நிற்பவனை மறைக்கும். அப்படியானால் இவனுடைய வலப்பக்கத்தைக் காப்பது யார்? வலப்பக்கத்தில் நிற்பவனின் கேடயம்! ஆக, ஒவ்வொருவனும் தன் கேடயத்தில் பாதியை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு, தன் பாதி உயிரை இன்னொருவனிடம் ஒப்படைத்து நின்றான். ஒருவன் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடினால் அவனுக்கு மட்டும் கேடு இல்லை. அருகில் நின்றவனுக்கும் கேடு. முன்வரிசையில் ஒருவன் வீழ்ந்தால் பின்னால் நிற்பவன் உடனே முன்வந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

துசிடிடீஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் இன்னொரு நுட்பத்தையும் குறித்துள்ளார். கி.மு. 418-இல் நடந்த மாண்டினியாப் போரை விவரிக்கும்போது, ஒவ்வொருவனும் அச்சத்தால் வலப்பக்கத்தானின் கேடயத்துக்குள் இன்னும் சற்று ஒதுங்க முயல்வதால், படை முழுவதுமே நடக்க நடக்க வலப்புறமாகச் சாயும் என்கிறார். மழை நாளில் ஒரே குடையில் நால்வர் நடந்த அனுபவம் உள்ள நமக்கு இது எளிதில் விளங்கும்.

கி.மு. 371-இல் லியூக்டிரா என்னுமிடத்தில் தீப்ஸ் நகரத் தளபதி எபமினோண்டாஸ் ஒரு புதுமை செய்தார். எதிரே நின்ற ஸ்பார்ட்டா வீரர்கள் 12 வரிசை ஆழத்தில் நின்றனர். இவரோ தம் இடப்புற அணியை மட்டும் 50 வரிசை ஆழமாக்கி, மற்றப் பகுதியைச் சற்றுப் பின்னுக்கு நிறுத்தினார். தரைப்போரில் வெல்லவே முடியாதவர்கள் என்று பெயர் பெற்ற ஸ்பார்ட்டர்கள் அன்று தோற்றனர். அவர்களுடைய மன்னன் கிளியோம்புரோட்டஸ் களத்திலேயே மடிந்தான். எங்கும் ஒரே அளவாகப் பரவி நிற்பதே அணி என்ற எண்ணம் அன்றோடு மறைந்தது.

நெருக்கமும் இடைவெளியும்

அலெக்சாந்தரின் மாசிடோனியப் படையினர் 5 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஈட்டிகளை இரு கைகளாலும் ஏந்தினர். முதல் ஐந்து வரிசைகளின் ஈட்டி முனைகளும் அணிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நேர் எதிரே வருபவனுக்கு அது முள்ளம்பன்றி போலத் தோன்றியிருக்கும்.

ஆயினும் நெருக்கம் எப்போதும் பாதுகாப்பு ஆகாது. கி.மு. 216-இல் இத்தாலியில் கன்னே என்னுமிடத்தில் உரோமானியர் தங்கள் பெரும்படையை மிக நெருக்கமாகவும் ஆழமாகவும் நிறுத்தினர். கார்த்தேஜ் நகரத் தளபதி ஹனிபால் தம் நடுப்பகுதியைப் பிறை நிலவு போல முன்னுக்கு வளைத்து நிறுத்தினார். உரோமானியர் தாக்கத் தாக்க அப்பிறை மெல்லப் பின்வாங்கி உள்நோக்கி வளைந்தது. வெற்றி என்று எண்ணி உரோமானியர் உள்ளே புகுந்தனர். இருபுறமும் நின்ற ஆப்பிரிக்க வீரர்கள் பக்கங்களை அடைத்தனர். குதிரைப்படை பின்புறத்தை அடைத்தது. நடுவில் அகப்பட்டவர்களுக்கு வாளை ஓங்கக்கூட இடமில்லை. எண்ணிக்கையில் மிகுந்த படை, தன் நெருக்கத்தாலேயே அழிந்தது.

உரோமானியரின் வழக்கமான அணியோ சதுரங்கப் பலகையைப் போன்றது. சிறு சிறு குழுக்கள், அவற்றிடையே இடைவெளிகள், அந்த இடைவெளிகளுக்கு நேர் பின்னே அடுத்த வரிசையின் குழுக்கள் என மூன்று வரிசைகள். இளைஞர்கள் முன்னே நிற்பர். அனுபவம் மிக்க முதியோர் கடைசி வரிசையில் நிற்பர். முன்வரிசை களைத்தால் பின்வாங்கிக்கொள்ளும். அடுத்த வரிசை முன்னேறும். கி.மு. 168-இல் பிட்னா என்னுமிடத்தில் இந்த அணியும் மாசிடோனியரின் நீண்ட ஈட்டி அணியும் மோதின. மேடுபள்ளமான நிலத்தில் முன்னேறியபோது ஈட்டி அணியில் ஆங்காங்கே விரிசல்கள் விழுந்தன. அந்த விரிசல்களில் உரோமானியர் குறுவாள்களுடன் புகுந்துவிட்டனர். நீண்ட ஈட்டி, அருகில் வந்துவிட்டவனை என்ன செய்யும்? சிறிது நேரத்தில் போர் முடிந்தது.

இதிலிருந்து நாம் அறிவது: உரோமானிய அணியில் இருந்தது திட்டமிட்டு விட்ட இடைவெளி, மாசிடோனிய அணியில் விழுந்தது எவரும் கவனியாமல் விட்ட இடைவெளி. முன்னது பலம், பின்னது ஆபத்து.

வாட்டர்லூவின் சதுரங்கள்

துப்பாக்கி வந்த பின்னர் ஈட்டி மறைந்தது. அக்காலத் துப்பாக்கியில் குறி சரியாக அமையாது. ஒருமுறை சுட்டதும் மீண்டும் மருந்து கெட்டிக்க நேரம் பிடிக்கும். ஆகவே பலர் நெருங்கி நின்று ஒரே நேரத்தில் சுட்டால்தான் பயன் உண்டு. அதற்காகவே வீரர்கள் வண்ணச் சீருடையுடன் நீண்ட வரிசைகளாக நின்றனர். ஒரே சீராக அடி எடுத்து வைக்கும் நடையும் அப்படைகளில்தான் செம்மை பெற்றது. விளையாட்டு விழாவில் நாம் நடக்கும் நடையின் மூதாதை அதுவே!

குதிரைப்படை பாய்ந்து வந்தால் இந்த நீண்ட வரிசை தாங்காது. பக்கவாட்டிலிருந்தும் பின்புறமிருந்தும் சிதறடித்துவிடும். அப்போது காலாட்படை சதுரமாக மாறும். நான்கு பக்கமும் வெளிநோக்கி வீரர்கள் நிற்பர்; முன்வரிசையினர் முழந்தாளிட்டுத் துப்பாக்கி முனைக் கத்திகளைச் சாய்த்துப் பிடிப்பர். காயம்பட்டவர்களும் கொடியும் நடுவில் இருக்கும். சதுரத்துக்குப் பின்புறம் என்பதே கிடையாது. ஒவ்வொருவனுடைய முதுகையும் இன்னொருவன் காக்கிறான்.

1815 ஜூன் 18 அன்று பெல்ஜியத்தில் வாட்டர்லூ என்னுமிடத்தில் மார்ஷல் நே தலைமையில் பிரெஞ்சுக் குதிரைப்படை வெலிங்டனின் சதுரங்கள் மீது மீண்டும் மீண்டும் பாய்ந்தது. குதிரைகள் கத்தி முனைகளின் மேல் பாய மறுத்துச் சதுரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஆனால் குதிரைக்கு அஞ்சாத சதுரம் பீரங்கிக்கு எளிய இலக்கு. 27-ஆம் இன்னிஸ்கில்லிங் படைப்பிரிவில் அன்று பாதிக்கு மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். ஒவ்வொருவர் வீழும்போதும், “இடைவெளியை மூடுங்கள்!” என்பதே கட்டளை. எஞ்சியவர்கள் நெருங்கி நின்றனர், சதுரம் சிறியதாகிக்கொண்டே வந்தது, ஆனால் கலையவில்லை.

சோம் நதிக்கரை தந்த பாடம்

வரலாற்றின் துயரம் என்னவென்றால், நேற்று உயிரைக் காத்த அணி இன்று உயிரைக் குடிக்கும். 1916 ஜூலை 1 அன்று, முதல் உலகப் போரில், பிரான்ஸ் நாட்டின் சோம் நதிப் பகுதியில் பிரிட்டிஷ் படையின் பல பிரிவுகள் பெரும் சுமைகளை முதுகில் ஏந்தி, நீண்ட வரிசைகளாக, நடந்தே முன்னேறின. எதிரே இருந்தவை இயந்திரத் துப்பாக்கிகள். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் படையில் 57,000-க்கு மேற்பட்டோர் வீழ்ந்தனர். அவர்களுள் இறந்தவர்கள் 19,240 பேர். எத்தனை ஊர்களில் எத்தனை வீடுகளுக்குத் தந்தி போயிருக்கும் என்று எண்ணியபோது எங்களால் மேலே படிக்க இயலவில்லை.

அதன் பின்னர் சிறு குழுக்களாகப் பிரிந்து, விலகி விலகி, மறைவிடம் பார்த்து முன்னேறும் முறை வளர்ந்தது. இன்றும் காலாட்படையின் அடிப்படை அச்சிறு குழுவே. நம் நாட்டில் தேசிய மாணவர் படையில் சேரும் மாணவியருக்கும் இப்பாடம் உண்டு. பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷன் நிலத்துக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி உருவம் மாற்றிக்கொள்ளும்.

ஒற்றை வரிசை: குறுகிய பாதையிலும் வேலி ஓரத்திலும் செல்ல ஏற்றது. தலைவனின் சைகை எல்லோருக்கும் எட்டும். ஆனால் முன்னால் எதிரி தோன்றினால் ஒருவரிருவரே சுட முடியும்.

அம்புமுனை: திறந்த வெளிக்கு ஏற்றது. முன்னும் பக்கங்களிலும் விரைந்து எதிர்க்கலாம்.

வைர வடிவம்: எல்லாத் திசைகளிலும் காவல் உண்டு. இரவில் திறந்த வெளியைக் கடக்க உதவும்.

பரந்த வரிசை: இறுதித் தாக்குதலுக்கு உரியது. எல்லாத் துப்பாக்கிகளும் முன்னோக்கி இருக்கும். ஆனால் கட்டுப்படுத்துவது கடினம்.

எந்த வடிவமாயினும் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய திசை வகுக்கப்பட்டிருக்கும். ஒரு பாதியினர் சுட்டு எதிரியைத் தலைதூக்க விடாமல் செய்ய, மறு பாதியினர் முன்னேறுவர், பிறகு மாற்றிக்கொள்வர். ‘நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ’ என்பதே அதன் பொருள். கேடயம் மறைந்துவிட்டது; ஆனால் பாதிக் கேடயத்தின் கருத்து மறையவில்லை.

சோம் நதியைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்நதி பாயும் ஆமியேன் நகரின் வாயிலில்தான், உரோமைப் படைவீரராக இருந்த தூர்ஸ் நகரப் புனித மார்ட்டின், குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார். முதல் உலகப் போர் ஓய்ந்த 1918 நவம்பர் 11 அவருடைய திருநாள். பாதிக் கேடயம் போலவே அதுவும் பாதி மேலாடை!

வானத்தில் அணி

இனி வானத்துக்குச் செல்வோம். வேடந்தாங்கலுக்குச் சுற்றுலா சென்றவர்கள் கூழைக்கடாக்கள் ஆங்கில வி எழுத்தைப் போல் அணிவகுத்துப் பறப்பதைப் பார்த்திருப்பார்கள். முன்னே செல்லும் பறவையின் சிறகு நுனியிலிருந்து மேலெழும் காற்று, சற்றுப் பக்கவாட்டில் பின்தொடரும் பறவையைத் தாங்குகிறது. அணியாகப் பறக்கும் கூழைக்கடாக்களின் இதயத் துடிப்பு தனியே பறப்பவற்றைவிடக் குறைவாக இருப்பதை 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

விமானப் படைகளும் முதலில் இவ்வடிவத்தையே கைக்கொண்டன. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் போர் விமானங்கள் மூன்று மூன்றாக, நெருக்கமான வி வடிவில் பறந்தன. நடுவில் தலைவர், இரு பக்கங்களிலும் பின்னே இருவர். கீழிருந்து பார்ப்பவர்களுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. பின்னால் வரும் இருவரும் தலைவரின் சிறகில் மோதிவிடாமல் இருக்க அவருடைய விமானத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படியானால் வானத்தைப் பார்ப்பது யார்? சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு எதிரி பாய்ந்து வரும்போது, வரிசையை அழகாகக் காத்தவர்கள் எதிரியைக் காணாமலே வீழ்ந்தனர்.

ஐந்தில் நான்கு விரல்கள்

ஜெர்மானியர்கள் இக்குறையை முன்னரே உணர்ந்திருந்தனர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1938-ஆம் ஆண்டில், வெர்னர் மோல்டர்ஸ் என்னும் விமானி புதிய முறையைச் செம்மைப்படுத்தினார். அடிப்படை அலகு மூன்று அன்று, இரண்டு. ஒருவர் தாக்குவார், மற்றவர் அவருடைய பின்புறத்தைக் காப்பார். இத்தகைய இரு இணைகள் சேர்ந்தால் நான்கு. விமானங்களிடையே ஏறத்தாழ 180 மீட்டர் இடைவெளி. உங்கள் வலக்கையை விரித்து, கட்டை விரலை மடக்கிக்கொண்டு மேலிருந்து பாருங்கள். நான்கு விரல் நுனிகளும் எங்கெங்கு இருக்கின்றனவோ அங்கங்கு நான்கு விமானங்கள்!

இடைவெளி அதிகமானதால் மோதிவிடுவோம் என்ற அச்சம் இல்லை. ஆகவே கண்கள் விடுதலை பெற்றன. இடப்பக்கத்தார் வலப்பக்கத்தாரின் பின்புறத்தையும், வலப்பக்கத்தார் இடப்பக்கத்தாரின் பின்புறத்தையும் பார்த்தனர். திசையைச் சொல்லக் கடிகாரமே உதவியது. நேர் முன் என்றால் 12 மணி. நேர் பின் என்றால் 6 மணி. ஒரு விமானி தன் 6 மணித் திசையைத் தானே பார்ப்பது கடினம். அதைத் துணைவனே பார்க்க வேண்டும்.

1940 ஜூலை முதல் அக்டோபர் வரை நடந்த பிரிட்டன் வான்போரில் பல உயிர்களை இழந்த பின்னர், பிரிட்டிஷ் விமானிகளும் இம்முறைக்கு மாறினர். 1941-இல் டக்ளஸ் பேடரின் தலைமையில் இருந்த விமானிகள் இதைக் கைக்கொண்டனர். விபத்தில் இரு கால்களையும் இழந்து, செயற்கைக் கால்களுடன் பறந்த வீரர் அவர். எதிரியிடமிருந்தும் நல்லதைக் கற்கலாம் என்பதற்கு இது சான்று.

தீக்குச்சிகள் கற்பித்த பாடம்

எங்களை மிகவும் கவர்ந்தது அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச்சின் கதை. ஜப்பானியரின் சீரோ விமானம் மிக விரைவாக மேலேறும். மிகக் குறுகிய வட்டத்தில் திரும்பும். தாச்சிடம் இருந்த வைல்ட்கேட் விமானத்தால் அதனோடு போட்டியிட இயலாது. 1941-இல் தாச் என்ன செய்தார் தெரியுமா? இரவில் வீட்டு மேசையின் மேல் தீக்குச்சிகளை விமானங்களாக அடுக்கி, அவற்றை நகர்த்தி நகர்த்தி ஆராய்ந்தார்.

அவர் கண்ட வழி இது. இரு விமானங்கள் பக்கம் பக்கமாக, நல்ல இடைவெளியுடன் பறக்கட்டும். ஒன்றின் பின்னால் எதிரி வந்தால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பட்டும். துரத்தப்படும் விமானத்தைப் பின்தொடரும் எதிரி, தானாகவே துணை விமானத்தின் துப்பாக்கிக்கு நேரே வந்து சேருவான். கூந்தல் பின்னுவதைப் போல இருவரும் குறுக்கும் நெடுக்குமாக மாறி மாறிப் பறப்பர். 1942 ஜூன் 4 அன்று மிட்வே போரில், 6 விமானங்களுக்குத் தலைமை தாங்கிச் சென்ற தாச், தம்மைவிடப் பல மடங்கு மிகுந்த எதிரிகளிடையே இம்முறையைக் கையாண்டு உயிருடன் திரும்பினார்.

தனித்தனியே வலிமை குறைந்த இருவர், ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பியதால் வலிமை பெற்றனர். ஓடிப்போவது எளிது, ஆபத்தில் இருப்பவரை நோக்கித் திரும்புவதே கடினம். அதுவே இருவரையும் காத்தது.

அணியாலும் காக்க முடியாத நேரங்கள் உண்டு. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஒன்றன் துப்பாக்கி மற்றொன்றைக் காக்குமாறு மேலும் கீழுமாக அடுக்கப்பட்டுப் பெட்டி போன்ற அணியில் ஜெர்மனி மீது பறந்தன. அணியிலிருந்து பின்தங்கிய விமானத்தையே எதிரி முதலில் தேடுவான். ஆயினும் 1943 அக்டோபர் 14 அன்று ஷ்வைன்ஃபுர்ட் நகருக்குப் புறப்பட்ட 291 விமானங்களுள் 60 வீழ்ந்தன. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் இருந்தனர். கீழே, குண்டு விழுந்த நகரங்களில், நம்மைப் போன்ற பிள்ளைகளும் இருந்தனர். இதை மறந்துவிட்டு அணியின் அழகை மட்டும் வியப்பது கிறிஸ்தவப் பண்பு ஆகாது.

அழகும் காவலும்

நம் இந்திய விமானப் படையின் சூரியகிரண் குழு 1996-இல் தொடங்கப்பட்டது. ஒன்பது விமானங்கள் சில மீட்டர் இடைவெளியில் வைர வடிவில் பறப்பது நம் நெஞ்சை அள்ளும். அது திறமையின் காட்சி. போருக்குரிய அணி வேறு. இன்றைய போர் விமானங்கள் ரேடாரின் துணையால் பல கிலோமீட்டர் விலகிப் பறந்தும் ஒன்றையொன்று காக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருந்தாலும் துணை துணையே.

2016 ஜூன் மாதத்தில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவர் நம் நாட்டின் முதல் பெண் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றனர் என்பதை எண்ணும்போது நமக்கும் பெருமை அன்றோ?

விமானிகளிடையே உள்ள ஒரு வழக்கத்தைக் கூறி முடிக்க விரும்புகிறோம். விமானி ஒருவர் இறந்தால், அவருடைய அடக்கத்தின்போது தோழர்கள் நான்கு விரல் அணியில் பறந்து வருவர். கல்லறைக்கு மேலே வந்ததும் ஒரு விமானம் மட்டும் அணியை விட்டு விலகி, செங்குத்தாக வானை நோக்கி ஏறி மறையும். மற்ற மூன்றும் அப்படியே செல்லும். ஆனால் அந்த இடைவெளியை மூட மாட்டார்கள். போர்க்களத்தில் மூட வேண்டிய இடைவெளி, இங்கே திறந்தே இருக்கும். ‘இவ்விடம் இன்னாருடையது’ என்று வானத்தில் எழுதிவைத்தது போல.

முடிவுரை

இதை எழுதும்போது எங்களுள் ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “அவளுடைய இடம் எங்கே?” என்று கேட்டாள். யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று எவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஜூன் மாதத்தில் எங்கள் வரிசையில் 42 பேர் நின்றோம். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் 41 பேர். தந்தை நோயுற, தாய் வேலைக்குச் செல்ல, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள ஒரு தோழி வீட்டிலேயே நின்றுவிட்டாள். அவள் வராத முதல் நாள் வரிசையில் ஓர் இடைவெளி தெரிந்தது. ஓர் அடி முன்னே வைத்து அதை மூடினோம். எவ்வளவு நேர்த்தியாக மூடினோம் என்றால், ஒரு வாரத்தில் அங்கே ஒருத்தி நின்றாள் என்பதே தெரியாமல் போயிற்று. வி வடிவ அணியில் பறந்தவர்களைப் போல நாங்களும் வரிசையை அழகாகக் காத்தோம்; பின்தங்கியவளைப் பார்க்கவில்லை.

தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமை எங்களுள் ஐவர் சிஸ்டர் ஒருவருடன் அவள் வீட்டுக்குச் சென்றோம். பாடக் குறிப்புகளைக் கொடுத்தோம். வாரம் இருவராக மாறி மாறி மாலையில் சென்று அவளுடன் படிப்பது என்று முடிவு செய்தோம். பொதுத் தேர்வை எழுதுவதற்கு வேண்டியதைச் சிஸ்டர் கவனித்துக்கொள்கிறார். அவள் வருவேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. குறிப்பேட்டை மட்டும் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற நல்ல ஆயனின் உவமையை மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். வரிசை எதற்காக என்ற எங்கள் கேள்விக்கு அதிலேயே விடை இருந்திருக்கிறது. நேராக நிற்பதற்காக மட்டும் அன்று. யார் இல்லை என்பது உடனே தெரிவதற்காகவும்தான் வரிசை.

தோழியரே! காலை மணி அடித்ததும் எங்கள் வகுப்பு வரிசையைப் பாருங்கள். இடப்புறம், பின்னாலிருந்து மூன்றாவது இடத்தில் ஒரு கை நீளம் கூடுதலாக இடைவெளி இருக்கும். அது கவனக்குறைவு அன்று. அவள் வரும் வரை அதை நாங்கள் மூடப்போவதில்லை.